பாதிப் பணம் அட்டையில்: முடிவில்லாமல் நீளும் ஒரு ‘அவசர’ ஏற்பாடு

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து செம்மண் சாலையில் நாலைந்து மணி நேரம் போனால் வருகிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரே கடை. கல்லாவுக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறார். மாவு, பால் பவுடர், குழந்தைக்கு டயப்பர், கொஞ்சம் இறைச்சி எடுத்து வைத்திருக்கிறார். பச்சை அட்டையைக் கொடுத்து ரகசிய எண்ணை அழுத்துகிறார். இருப்பு போதாது என்று அட்டை திரும்புகிறது. எவ்வளவு குறைகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. கடைக்காரர் டயப்பரை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கிறார். இன்னும் போதவில்லை. இறைச்சியும் திரும்பிப் போகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்த நேரத்தில் மனசில் வருகிற உணர்வுக்கு அந்த ஊர்களில் ஒரே சொல்தான்: ‘ஷேம்’.

பேசிக்ஸ் கார்டு என்கிற அந்த அட்டையில் இருப்பது அவருடைய சொந்த உதவித்தொகைதான். அரசு அதில் பாதியைப் பிடித்துவைத்து, இதற்குத்தான் செலவு செய்யலாம் என்று கட்டுப்போட்டுக் கொடுக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் மொழியில் இதற்கு ‘வருமான மேலாண்மை’ என்று பெயர். 2007-இல் 5 ஆண்டு அவசர நடவடிக்கை என்று தொடங்கியது, ஆட்சிகள் மாறியும் அட்டைகள் மாறியும் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. ஏன் நீள்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்ட சிலருக்கு அது உதவியிருக்கிறது. கேட்காதவர்கள் தலையில் கட்டியபோது அது சொன்ன காரியத்தைச் செய்யவில்லை. இந்த வித்தியாசம் பத்து வருஷத்துக்கு முன்பே அரசுக்குத் தெரியும்.

கதை ஓர் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அடங்கிய வடக்குப் பிரதேசமான நார்தன் டெரிட்டரியில் பூர்வகுடிக் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாவது பற்றி விசாரிக்க அந்தப் பிரதேச அரசு ரெக்ஸ் வைல்ட், பேட் ஆண்டர்சன் என்ற இருவரை நியமித்தது. அவர்களுடைய அறிக்கை 2007 ஜூன் நடுவில் வெளிவந்தது. மனதை உலுக்குகிற அறிக்கை. 97 பரிந்துரைகள். அந்தந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசித்தான் எதையும் செய்ய வேண்டும் என்பதை முதல் பரிந்துரையிலேயே அழுத்திச் சொல்லியிருந்தார்கள். எல்லோருடைய உதவித்தொகையையும் பிடித்துவைக்கச் சொல்லி அந்த 97-இல் ஒன்றுகூட இல்லை.

ஒரே வாரத்தில், ஜூன் 21 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்டும் அமைச்சர் மால் ப்ரஃபும் ‘அவசர நடவடிக்கை’ அறிவித்தார்கள். ராணுவத்தினர் ஊர்களுக்குள் வந்தார்கள். ஆகஸ்டில் சுமார் 500 பக்க மசோதாக்கள் கீழவையில் அறிமுகமான அன்றே நிறைவேறின. 73 பூர்வகுடி ஊர்கள் அதன் கீழ் வந்தன. அங்கே உதவித்தொகை வாங்குகிற எல்லோருக்கும் 50 சதவீதம் பிடித்தம். குழந்தை பிறந்தால் கிடைக்கும் மொத்தத் தொகை போன்றவற்றில் முழுசாக 100 சதவீதம். குடிக்கிறவரா, சூதாடுகிறவரா, குழந்தையைக் கவனிக்காதவரா என்ற கேள்வியே எழவில்லை. பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய, வாழ்நாளில் மதுவைத் தொடாத பாட்டியின் முதியோர் ஓய்வூதியத்திலும் பாதி பிடிக்கப்பட்டது. ஓர் இனத்தை மட்டும் குறிவைப்பதால் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதனால் 1975-இன் அந்தச் சட்டத்தையே இந்த நடவடிக்கைகளுக்குப் பொருந்தாமல் நிறுத்திவைத்தார்கள். ஊர் எல்லையில் பெரிய நீலப் பலகைகள் நட்டார்கள்: மது கூடாது, ஆபாசப் படங்கள் கூடாது. தன் ஊருக்குள் நுழையும்போதெல்லாம் தன்னைப் பற்றி அப்படி எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே போக வேண்டும்.

இங்கே கொஞ்சம் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மக்களின் கோபம் நமக்குப் பிடிபடாது. 20-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த பூர்வகுடிகளுக்குக் கூலிக்குப் பதிலாக மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை என்று ரேஷன்தான் கொடுத்தார்கள். ரேஷன் என்றால் நமக்கு வருமானத்துக்கு மேல் கிடைக்கிற அரிசி, சர்க்கரை. அவர்களுக்கு அது வருமானத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒன்று. பண்ணை வேலையை விட்டு 1966-இல் வேவ் ஹில்லில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வெளியேறியதற்கு நிலமும் காரணம், இந்தக் கூலியும் காரணம். குவீன்ஸ்லாந்திலோ கூலி கணக்கில் எழுதப்பட்டு அரசின் ‘பாதுகாவலர்’ கையில் இருக்கும். தன் காசை எடுக்க அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அப்படித் திரும்பி வராத கூலிக்காக நடந்த வழக்கில் அந்த மாநில அரசு 2019-இல் 190 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. 2007-இல் பாதிப் பணம் பிடிக்கப்பட்டதும் முதியவர்கள் பலர், ரேஷன் காலம் திரும்பிவிட்டது என்றார்கள். அது அவர்களுக்கு உவமை இல்லை, நினைவு.

சரி, நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது? ஒருவருக்கு 2 வாரத்துக்கு 800 டாலர் உதவித்தொகை என்று வைத்துக்கொள்வோம். 400 டாலர் வழக்கம்போல் அவருடைய வங்கிக் கணக்கில் விழும். மீதி 400, உதவித்தொகை வழங்கும் அரசு அமைப்பான சென்டர்லிங்க் வைத்திருக்கும் தனிக் கணக்குக்குப் போகும். அதிலிருந்து வாடகை, மின்சாரம் போன்றவற்றுக்கு நேரடியாகக் கட்டலாம். எஞ்சியது அட்டையில் ஏறும். மது, புகையிலை, ஆபாசப் பொருள், சூதாட்டம் இந்த நான்கையும் அதில் வாங்க முடியாது. பணமாகவும் எடுக்க முடியாது.

அட்டை வருவதற்கு முந்தைய ஓராண்டு இதைவிட மோசம். பிடித்த பணம் ஊர்க்கடையின் பேரில் இருக்கும். அல்லது நகரத்துக்கு வந்து சென்டர்லிங்க் வாசலில் வரிசையில் நின்று, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் பரிசு அட்டைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். துக்கத்துக்காகவோ மருத்துவமனைக்காகவோ வேறு ஊர் போனவர், கையில் காசு தீர்ந்ததும் பசியோடு நிற்க வேண்டியதுதான். அவருடைய பணம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் கிடக்கும். 2008 செப்டம்பரில் பேசிக்ஸ் கார்டு வந்ததும் இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. ஆனால் அரசிடம் பதிவு செய்த கடைகளில் மட்டும்தான் அது செல்லும். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைத் தெரிந்தவரிடம் மலிவாக வாங்க முடியாது. வாரச்சந்தையில் காய் வாங்க முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைப்பதையும் வாங்க முடியாது. தொலைதூர ஊர்க்கடைகளில் உணவுப் பொருள் விலை நகர சூப்பர் மார்க்கெட்டைவிடப் பாதிக்கு மேல் கூடுதல் என்று அந்தப் பிரதேச அரசின் விலைக் கணக்கெடுப்புகளே காட்டியிருக்கின்றன. ஏழை சிக்கனமாக வாழ்வதற்கு இருக்கிற வழிகள் பெரும்பாலும் ரொக்கத்தில் நடப்பவை. இந்த அட்டை அந்த வழிகளை அடைத்தது.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் எல்லோரும் கன்பராவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பூர்வகுடிப் பெண்கள் பலர், குறிப்பாகப் பாட்டிமார்கள், இதை வரவேற்றார்கள். காரணம் ‘ஹம்பக்’. பணம் வந்த நாளில் சொந்தக்காரர்கள் வந்து விடாமல் கேட்டு நச்சரிப்பதற்கு அங்கே வழங்குகிற சொல் இது. இருப்பதைப் பகிர்ந்துகொள்வது அந்தச் சமூகத்தில் கடமை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. குடித்துவிட்டு வந்து கேட்கிற பேரனிடம், ‘எல்லாம் அட்டையில் இருக்கிறதப்பா, காசாக எடுக்க முடியாது’ என்று சொல்ல முடிந்தது பல பெண்களுக்கு நிஜமான நிம்மதி. இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்கள் சிலர் இந்தக் குரல்களைக் கேட்காததுபோல் கடந்துபோகிறார்கள். அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த நிம்மதிக்குக் கட்டாயம் தேவையா? 2008-இலேயே, பீட்டர் யூ தலைமையில் அரசே அமைத்த மறுஆய்வுக் குழு, எல்லோர் மேலும் சுமத்துவதை நிறுத்திவிட்டு விரும்புகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்றது. அதற்குள் ஆட்சி மாறி, கெவின் ரட் பிரதமராகியிருந்தார். அரசு அதைக் கேட்கவில்லை. 2009-இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஜேம்ஸ் அனாயா வந்து பார்த்து, இது இனப் பாகுபாடு என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் 2010-இல் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. குறிப்பிட்ட 73 ஊர்கள் என்பதை எடுத்துவிட்டு, நார்தன் டெரிட்டரி முழுக்கத் திட்டத்தை விரித்தது. இனி இனம் பார்க்கமாட்டோம், எந்த உதவித்தொகையை எவ்வளவு நாளாக வாங்குகிறார் என்றுதான் பார்ப்போம். 15 முதல் 24 வயதுக்குள் இருந்து 26 வாரத்தில் 13 வாரத்துக்கு மேல் வாங்கியிருந்தால் பிடித்தம். 25 வயதுக்கு மேல் என்றால் 2 ஆண்டில் ஓராண்டுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இந்தப் பிரிவுகளிலிருந்து விடுபட்டார்கள். குழந்தைப் பாதுகாப்புத் துறை அனுப்பினால் 70 சதவீதம் பிடித்தம். தாமாகச் சேர்பவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு.

தாளில் இனம் மறைந்துவிட்டது. நடப்பில், அட்டையோடு இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பூர்வகுடிகளே. வேலை இல்லாத ஊரில் பிறந்தவர் நீண்ட நாள் உதவித்தொகை வாங்காமல் வேறு என்ன செய்வார்? விலக்கு வாங்கவும் வழி உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளி வருகை, பணத்தைக் கையாளும் விதம் என்று ஆவணம் ஆவணமாகக் காட்ட வேண்டும். படிவங்களின் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டத் தெரிந்தவருக்கு அது எளிது. வீட்டில் வார்ல்பிரியோ பிட்ஜன்ட்ஜட்ஜராவோ பேசுகிறவருக்கு அப்படியில்லை. விலக்குப் பெற்றவர்களில் பூர்வகுடிகள் அல்லாதவர்களின் பங்கு மிக அதிகமாக இருந்ததை அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடே பதிவு செய்திருக்கிறது.

அந்த மதிப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நார்தன் டெரிட்டரித் திட்டத்தைத் தொடர்ந்து பார்த்து 2014-இல் இறுதி அறிக்கை கொடுத்தார்கள். மக்களின் நடத்தையை மாற்றுவது உள்ளிட்ட முக்கிய நோக்கங்கள் எதிலும் இந்தத் திட்டம் குறிப்பிடத்தக்க மாற்றத்தை உண்டாக்கியதற்குச் சான்று இல்லை என்பது அவர்களுடைய முடிவு. அதோடு நிற்கவில்லை. சொந்தக் காலில் நிற்கும் திறனை வளர்ப்பதற்குப் பதிலாக, பலரை அரசையே மேலும் சார்ந்திருக்கச் செய்துவிட்டது என்றும் எழுதினார்கள். தாமாகச் சேர்ந்தவர்களில் சிலருக்கு மட்டும் பயன் தெரிந்தது. அவர்களுக்கு 26 வாரத்துக்கு ஒரு முறை 250 டாலர் ஊக்கத்தொகையும் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் ஹம்பக்கிலிருந்து தப்பிக்க அட்டை உதவுகிறது என்று தாமே முடிவெடுத்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள்.

இதற்கு முன்பே, 2010-இல், மென்சீஸ் சுகாதார ஆய்வு நிறுவனத்தினர் 10 ஊர்க்கடைகளின் விற்பனைக் கணக்கை எடுத்து ஆராய்ந்திருந்தார்கள். பணத்தைப் பிடித்துவைத்ததால் காய்கறி, பழ விற்பனை கூடவில்லை. புகையிலையும் குளிர்பானமும் குறையவில்லை. பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். ஊர் ஊராகத் திட்டம் நடைமுறைக்கு வந்த நாட்களில் கருவில் இருந்த குழந்தைகள் பிறந்தபோது, சராசரி எடை குறைந்திருந்தது. பள்ளி வருகையும் தொடக்க மாதங்களில் சரிந்தது. புது ஏற்பாட்டின் குழப்பத்தில் குடும்பங்களுக்குப் பணம் கைக்கு வருவது தடைப்பட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற என்று சொல்லித்தான் இது தொடங்கியது. இந்த ஆய்வைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குச் சில நாள் வேறெதுவும் ஓடவில்லை.

செலவு? தொலைதூரப் பகுதியில் ஒருவரை இந்தத் திட்டத்தில் வைத்திருக்க ஆண்டுக்குச் சுமார் 6,600 முதல் 7,900 டாலர் வரை ஆகிறது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அவர் வாங்கும் உதவித்தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திட்டம் விரிந்துகொண்டே போனது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி, தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவன ஊர்கள், 2012-இல் பேங்க்ஸ்டவுன், லோகன் போன்ற நகரப் பகுதிகள். 2014-இல் சுரங்க அதிபர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட் அரசுக்காக எழுதிய அறிக்கை, ரொக்கமே இல்லாத அட்டையை யோசனையாக வைத்தது. 2016-இல் அது செடுனாவிலும் கிழக்குக் கிம்பர்லியிலும் ‘சோதனை முயற்சி’யாக வந்தது. இந்தத் தடவை பிடித்தம் 80 சதவீதம். நடத்தியது இண்ட்யூ என்ற தனியார் நிறுவனம். சமூகத் தீங்குகள் குறைந்தனவா என்று முடிவு கட்டும் அளவுக்கு இதை ஒழுங்காக அளக்கவே இல்லை என்று தணிக்கை அலுவலகம் 2018-இல் சொன்னது. சோதனையின் முடிவு தெரியாமலே அதே ஆண்டில் கோல்ட்ஃபீல்ட்ஸ், அடுத்த ஆண்டில் பண்டபெர்க் என்று நீட்டினார்கள். 2020 டிசம்பரில் அரசு இதை நிரந்தரமாக்கப் பார்த்தது. செனட்டில் ஆதரவு போதவில்லை. 2 ஆண்டு நீட்டிப்போடு நின்றது.

2022-இல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் ரொக்கமில்லா அட்டையை ஒழித்தது. சுமார் 17,000 பேர் அதில் இருந்தார்கள். பலருக்கு அன்று விடுதலை. ஆனால் நார்தன் டெரிட்டரியின் கட்டாயப் பிடித்தம் அப்படியே நின்றது. 2023 மார்ச்சில் ‘மேம்படுத்தப்பட்ட வருமான மேலாண்மை’ என்ற பெயரில் ஸ்மார்ட்கார்டு வந்தது. தட்டினால் போதும், இணையத்திலும் வாங்கலாம், கடைகளின் பட்டியலும் விரிந்தது. கருவி மேம்பட்டது உண்மை. கட்டாயம் மேம்படவில்லை.

ஒவ்வொரு முறையும் இதை ஏன் நீட்டுகிறார்கள் என்பதற்கு என் கணிப்பு இது. நிறுத்திய பிறகு ஏதாவது நடந்துவிட்டால் பழி வரும் என்ற பயம் அமைச்சர்களை ஆட்டுகிறது. 2022 ஜூலையில் பழைய மதுத் தடைச் சட்டம் காலாவதியானது. அடுத்த சில மாதங்களில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வன்முறையும் திருட்டும் கூடி நாடே பேசியது. 2023 ஜனவரியில் பிரதமர் அல்பனீசி நேரில் போனார். மதுத் தடை திரும்ப வந்தது. அதைப் பார்த்த எந்த அமைச்சர் அட்டையை எடுக்கும் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? இரண்டாவது, எதிர்ப்புக்கு வாக்கு பலம் இல்லை. கீழவையில் நார்தன் டெரிட்டரிக்கு இரண்டே இடங்கள். அதில் தொலைதூர ஊர்கள் எல்லாம் அடங்கிய தொகுதிக்கு லிங்கியாரி என்றே பெயர், வேவ் ஹில்லில் வெளிநடப்புக்குத் தலைமை தாங்கிய அதே வின்சென்ட் லிங்கியாரியின் பெயர். நாட்டிலேயே வாக்குப்பதிவு மிகக் குறைவாக இருக்கும் தொகுதி அது. பேங்க்ஸ்டவுனில் உள்ளூர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. அங்கே அட்டைக்குள் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வேறு வழியே இல்லையா என்றால், குவீன்ஸ்லாந்தின் கேப் யார்க்கில் ஒன்று இருக்கிறது. நோயல் பியர்சன் போன்ற பூர்வகுடித் தலைவர்கள் முன்னெடுத்து, 2008-இல் ஆருக்குன், கோயன், ஹோப் வேல், மாஸ்மன் கார்ஜ் ஆகிய நான்கு ஊர்களில் தொடங்கிய குடும்பப் பொறுப்பு ஆணையம். பிள்ளை பள்ளிக்கு வராமல் போனாலோ, வீட்டில் வன்முறைக்குத் தண்டனை வாங்கினாலோ, அந்தக் குடும்பம் ஆணையத்தின் முன் வர வேண்டும். அங்கே அதே ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ‘என்னம்மா ஆச்சு, பிள்ளை ஏன் வரவில்லை?’ என்று தம் மொழியில் கேட்பார்கள். முதலில் பேச்சு, அப்புறம் உதவிக்கு அனுப்புவது. அதற்கும் சரிப்படாவிட்டால்தான், குறிப்பிட்ட மாதங்களுக்கு, அந்த ஒருவருடைய பணத்தில் பிடித்தம். பிடித்தத்தின் அளவு 60 சதவீதமோ அதற்கு மேலோ, நார்தன் டெரிட்டரியைவிடக் கடுமைதான். ஆனால் யாருக்கு, ஏன், எத்தனை நாள் என்று முடிவெடுப்பவர் அவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். இதற்கும் குறைகள் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. ஆனாலும் தன்னைத் தெரிந்தவர் தன் முகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவும், கணினி தேதியைக் கணக்கிட்டு எடுக்கும் முடிவும் ஒன்றாகிவிடாது.

2024 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக் குழு, கட்டாயத்தை விட்டுவிட்டு விரும்புகிறவர்களுக்கான திட்டமாக இதை மாற்றுங்கள் என்று பரிந்துரைத்தது. பீட்டர் யூ குழு 16 ஆண்டுக்கு முன் சொன்ன அதே பரிந்துரை. 73 ஊர்களில் முதன்முதலாகப் பாதிப் பணம் பிடிக்கப்பட்ட மாதங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் 16, 17 வயது. இளைஞர் பிரிவு 15 வயதில் தொடங்குகிறது. வேலையோ படிப்போ இல்லாமல் உதவித்தொகைக்குப் போகிற பிள்ளைக்கு 13 வாரம் கழித்து ஸ்மார்ட்கார்டு வந்துவிடும்.